வீட்டு டிவிடியைக் கணினியில் நகலெடுப்பது எப்படி?

அப்பாவின் சதாபிஷேகம் 2008-ல் மாட்டுங்காவில் நடந்தது. வீடியோ எடுத்தவர் கொடுத்தது ஒரே ஒரு டிவிடி. போன மழைக்காலத்தில் அலமாரியைத் திறந்தபோது, மும்பை ஈரத்தை எல்லாம் குடித்த காகித உறை டிஸ்க்கோடு ஒட்டிக் கிடந்தது. பதறிப்போய் அன்றிரவே நகலெடுக்க உட்கார்ந்தேன். கடையில் வாங்கிய படம் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அப்பாவின் குரல் இந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

தேவையானவை

இப்போது வரும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் டிவிடி டிரைவ் கிடையாது. யுஎஸ்பி-யில் செருகும் டிவிடி ரைட்டர் ஒன்று வாங்குங்கள். கிராண்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள லாமிங்டன் ரோடு கணினிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். படிக்க மட்டும் செய்யும் டிரைவைத் தந்துவிடப் போகிறார்கள். 'ரைட்டர்' என்று அழுத்திச் சொல்லுங்கள். கூடவே நான்கைந்து காலி டிவிடி-ஆர் (ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய) டிஸ்க்குகள். உறையில் 4.7 ஜிபி என்று இருக்கும், விண்டோஸ் 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை: தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது.

மென்பொருளுக்கு விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் இம்ஜ்பர்ன் போதும். நிறுவும்போது வேறு எதையாவது சேர்த்து நிறுவட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

டிஸ்க்கைத் துடைப்பது

மெல்லிய பருத்தித் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பதிவுத் தடம் வட்டமாகவே ஓடுகிறது; கீறலும் அதன் வழியே விழுந்தால் தொடர்ச்சியாக நிறையத் தகவல் அழிந்துபோகும். குறுக்கே விழும் கீறலை டிரைவே பெரும்பாலும் சமாளித்துவிடும்.

கணினிக்குள் கொண்டுவருவது

டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர் தெரியும். அதை அப்படியே இழுத்துப் போட்டு வேறு டிஸ்க்கில் எழுதினால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். செம்பூரில் இருக்கும் அக்காவுக்கு அப்படி எழுதிக் கொடுத்தேன்; அவள் வீட்டு டிவிடி பிளேயர் அதைத் திறக்கவே இல்லை. டிவிடி பிளேயருக்குக் கோப்புகள் இருந்தால் மட்டும் போதாது, டிஸ்க்கில் அவை அமர்ந்திருக்கும் வரிசையும் அமைப்பும் சரியாக இருக்க வேண்டும். ஆகவே முழு டிஸ்க்கையும், அதன் அமைப்பு மாறாமல் அச்சு அசலாக அடக்கும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுங்கள்.

இம்ஜ்பர்னில் 'கிரியேட் இமேஜ் ஃபைல் ஃப்ரம் டிஸ்க்' என்பதை அழுத்தி, சேமிக்கும் இடத்தைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் டிரைவ் உறுமிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றால் உடனே நிறுத்திவிடாதீர்கள், படிக்க முடியாத பகுதியை அது திரும்பத் திரும்ப முயல்கிறது. அப்பாவின் டிஸ்க் அப்படித்தான் நின்றது. பக்கத்து வீட்டுப் பையனின் பழைய கணினியில் போட்டபோது தடையில்லாமல் படித்தது. ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பதுண்டு.

முடிந்ததும் அந்த ஐஎஸ்ஓ கோப்பை விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். இன்னொரு பிரதியைப் பென் டிரைவில் வைக்கலாம். பென் டிரைவ் கோப்புகளை அடுக்கும் முறை ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபி-க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ஃபார்மேட் செய்து எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள், ஆனால் மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும்.

கடையில் விற்கும் திரைப்பட டிஸ்க்குகளில் நகல் தடுப்புப் பூட்டு இருக்கும். உரிமையை மீறும் நோக்கத்தோடு அதை உடைப்பது, பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவின்படி குற்றம். நான் சொல்வது நம் வீட்டுப் பதிவுகளுக்கு மட்டும்.

புதிய டிஸ்க்கில் எழுதுவது

காலி டிஸ்க்கைப் போட்டு 'ரைட் இமேஜ் ஃபைல் டு டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஓ 4.37 ஜிபி-யைத் தாண்டினால் உறையில் 8.5 ஜிபி என்று போட்டிருக்கும் இரட்டை அடுக்கு டிஸ்க் தேவைப்படும். எழுதும் வேகத்தை 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் (அடிப்படை வேகத்தைப்போல் நான்கு அல்லது எட்டு மடங்கு) என வையுங்கள். டிஸ்க்கில் 16எக்ஸ் என்று போட்டிருந்தாலும் அவசரம் வேண்டாம், 4எக்ஸ் வேகத்தில்கூட நிறைந்த டிஸ்க் ஒன்றுக்குக் கால் மணி நேரம்தான் ஆகிறது. 'வெரிஃபை' கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் வேலை. நேரம் கூடும், நிம்மதியும் கூடும். எழுதி முடியும்வரை கணினியில் வேறு பெரிய வேலை எதுவும் வேண்டாம், யுஎஸ்பி வயரையும் அசைக்காதீர்கள்.

மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுத வேண்டாம். மெல்லிய முனையுள்ள மார்க்கரால் நிகழ்ச்சியின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். காகித உறைக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். எழுதிய டிஸ்க்கில் தகவலைத் தாங்குவது ஒரு சாய அடுக்கு. வெயிலும் சூடும் அதற்கு ஆகாது, ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

உறவினருக்குக் கொடுக்கும் முன் டிவிடி பிளேயரில் போட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுவதால் முடிவுப் பகுதி விளிம்பருகே அமைகிறது. நிறைந்த டிஸ்க்கில் பிழைகள் அதிகம் வருவது அங்கேதான். எங்கள் டிஸ்க்கில் அப்பா எல்லோருக்கும் அட்சதை போட்டு ஆசீர்வதிக்கும் காட்சி அந்த இடத்தில் வருகிறது. அக்காவுக்கு இரண்டாவது முறை எழுதிக் கொடுத்தபோது அதைத்தான் முதலில் ஓட்டிப் பார்த்தேன்.