மெட்ராஸ் ஆர்மி ஆபிசரோட சர்வீஸைத் தேடுறீங்களா? இந்தத் தப்புங்களைப் பண்ணாதீங்க

பழைய கல்லறைக் கல்வெட்டைப் பாத்துட்டு ஒரு பிரிட்டிஷ் ஆபிசரோட வரலாறைத் தோண்ட ஆரம்பிச்ச புதுப் பசங்க எழுதினதை இந்த மாசம் வரிசையா படிச்சேன், நான் பல வருஷம் முன்னாடி பண்ணின அதே தப்புங்க அப்படியே இருக்கு. தேதி, ஸ்பெல்லிங் பிழையெல்லாம் விடுங்க, அது தானா சரியாயிடும்.

ரெஜிமெண்ட் நம்பரை மட்டும் நம்புறது

1895 வரைக்கும் பெங்கால், மெட்ராஸ், பாம்பே மூணும் தனித்தனி ஆர்மி, மூணுலயும் 3ஆவது நேட்டிவ் இன்ஃபன்ட்ரி, அதாவது இந்தியச் சிப்பாய்ங்க காலாட்படை, இருந்துச்சு. திருச்சி பக்கம் ஒரு கேப்டனோட கல்லறைல 3ஆவது ரெஜிமெண்ட்னு இருந்துச்சு, அப்புறம் ஒரு எழுத்து மேல சுண்ணாம்பு அப்பியிருந்துச்சு, அதுக்கப்புறம் என்.ஐ., அதாவது நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. நான் தேடினப்போ முதல்ல கிடைச்சது பெங்கால் 3, அதோட சிப்பாய்ங்க 1857 ஜூன்ல பஞ்சாப் ஃபில்லூர்ல கிளர்ச்சி பண்ணினவங்க, அவ்வளவுதான், இவர் அங்கேர்ந்து தப்பிச்சு வந்தவர்னு முடிவே பண்ணிட்டேன். பெங்கால் ஆபிசருக்கு திருச்சில என்ன வேலைன்னு கேட்டுக்கவே இல்ல, உடம்பு முடியாம நீலகிரிக்குப் போற வழின்னு நானே காரணம் கண்டுபிடிச்சு எழுதினேன். எட்டு மாசம், லண்டன்லேர்ந்து காசு கட்டி வாங்கின நகல்கள், எல்லாம் வேற ஒரு மனுஷனோடது! இன்னிக்கு நினைச்சாலும் எரிச்சலா வருது. மறுபடி போயி ஈரத்துணி, மூங்கில் குச்சி வெச்சு சுண்ணாம்பை மெதுவா எடுத்தா உள்ள இருந்தது ‘எம்’. மெட்ராஸ்.

நம்பர் மாறிட்டும் இருக்கும். 1824-ல ரெண்டு பட்டாலியன் ரெஜிமெண்ட்களைப் பிரிச்சு புது நம்பர் குடுத்தாங்க. 1903-ல இந்திய ராணுவத் தலைமைத் தளபதி கிச்சனர் மெட்ராஸ் நம்பரோட 60 கூட்டினார், மெட்ராஸ் 3 அப்படித்தான் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ஆச்சு. பாம்பேக்கு 100. 1922-ல திரும்பவும் எல்லாம் மாறுச்சு. அதனால நம்பர், பிரசிடென்சி (பெங்காலா, மெட்ராஸா, பாம்பேயா), வருஷம் மூணும் கையில இல்லாம ஒரு வரி எழுதாதீங்க, அந்த வருஷத்து மெட்ராஸ் ஆர்மி லிஸ்ட்ல (ஆபிசர்களோட அச்சடிச்ச பட்டியல்) பேரைப் பாத்துட்டு அப்புறம் காசு கட்டுங்க.

லெப்டினன்ட் கர்னல்னா கமாண்டர்னு நினைக்கிறது

1861-ல ஸ்டாஃப் கார்ப்ஸ்னு ஆபிசர்களுக்கு ஒரு பொது அமைப்பு வந்தப்புறம் புரமோஷன் வருஷக் கணக்குல. 12 வருஷத்துல கேப்டன், 20-ல மேஜர், 26-ல லெப்டினன்ட் கர்னல். ஆபிஸ்ல சர்வே வேலை பாத்தவருக்கும் அந்த ரேங்க் வரும்.

பிரெவெட்

பிரெவெட்னா ராணுவத்துல மரியாதைக்குக் குடுக்கிற மேல் ரேங்க். பிரெவெட் மேஜர் தன் ரெஜிமெண்ட்ல கேப்டன் தான்.

கமிஷனை (ஆபிசர் பதவியை) விலைக்கு வாங்கினார்னு எழுதுறது

பிரிட்டிஷ் அரசரோட ராணுவ ரெஜிமெண்ட்ல தான் அது, 1871 வரைக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி ஆர்மில சீனியாரிட்டி படி புரமோஷன்.

லண்டன் கியூ-ல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல தேடுறது

இந்தியன் ஆர்மி ஆபிசரோட பேப்பர் பெரும்பாலும் பிரிட்டிஷ் லைப்ரரில, இந்தியா ஆபிஸ் ரெக்கார்ட்ஸ்ல இருக்கு. கம்பெனி காலத்து ஆளுன்னா கேடட் பேப்பர்ல (ஆர்மில சேர குடுத்த விண்ணப்பம்) ஆரம்பிங்க, ஞானஸ்நானச் சான்றிதழ் அங்கதான் கிடைக்கும், என் கேப்டன் எந்த ஊர்ல பொறந்தார்னு எனக்குத் தெரிஞ்சதும் அதுலேர்ந்து தான்.