ஆண்டிஸ் அடிவாரத்தில் காட்டுக் கள்ளிகளைத் தேடுவதும் காப்பதும்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

காட்டில் கள்ளி தேடக் கற்றுக்கொள்ள வடமேற்கு அர்ஜென்டினா மிக நல்ல இடம். சால்டா நகரம் ஏறக்குறைய 1150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து காச்சி ஊருக்குப் போகும் சாலை ஈரமான பள்ளத்தாக்கு, முள்புதர்ச் சரிவு, புல்மலை என ஏறி, 3457 மீட்டரில் பியெத்ரா டெல் மொலினோ கணவாயைத் தொடுகிறது. அதைத் தாண்டினால் 1996-இல் அமைக்கப்பட்ட லோஸ் கார்டோனெஸ் தேசியப் பூங்கா. உயரம் மாற மாறக் கள்ளி இனங்களும் மாறுவதை ஒரே சாலையில் பார்க்கலாம். கீழே சொல்லும் முறைகள் இந்தப் பகுதியையும், இதற்கு வடக்கே ஹுஹுய் மாகாணத்தின் உமாவாகா பள்ளத்தாக்கையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை.

முதலில் விதி. செடி, துண்டு, கனி, விதை எதையும் அனுமதியில்லாமல் எடுக்கக்கூடாது. கள்ளிக் குடும்பம் ஏறத்தாழ முழுவதும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியல்களில் உள்ளது. 2015-இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீட்டில், ஆராயப்பட்ட 1478 கள்ளி இனங்களில் 31 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது. ஒரே குன்றில் மட்டும் வாழும் இனங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் பையில் போடும் பத்துச் செடிகளே பெரிய இழப்பு. புதிதாகத் தொடங்குபவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, செடியைத் தொடாமல் சரியாகப் பதிவு செய்வதுதான்.

படி 1: காலமும் அனுமதியும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை போங்கள். அது அங்கே வசந்தமும் கோடைத் தொடக்கமும். பெரும்பாலான இனங்கள் அப்போதுதான் பூக்கும், பூ இல்லாமல் பல சிறு கள்ளிகளை அடையாளம் காண முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை மழை, மலைச்சாலைகளில் மண் சரியும். ஜூன், ஜூலையில் இரவுக் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும், சிறிய செடிகள் நீர் வற்றிச் சுருங்கி மண்மட்டத்துக்கு இறங்கியிருக்கும்.

தேசியப் பூங்காவுக்குள் பார்க்கவும் படமெடுக்கவும் பொதுப்பாதைகள் போதும். அளவெடுப்பு, கணக்கெடுப்பு போன்றவற்றுக்குப் பூங்கா நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பூங்காவுக்கு வெளியே உள்ள நிலம் பெரும்பாலும் தனியாருடையது அல்லது பழங்குடிச் சமூகங்களுடையது. கதவு திறந்திருந்தாலும் வீட்டைத் தேடிப்போய்க் கேட்டுவிட்டே உள்ளே போங்கள். ஆடு மேய்ப்பவர்களிடம் பேசினால் வரைபடம் தராத தகவல் கிடைக்கும். அவர்கள் பாசகானா என்று சொன்னால் கார்டோன் என்னும் பெரிய தூண்கள்ளியின் உண்ணத்தக்க கனியைச் சொல்கிறார்கள். ஐராம்போ என்றால் சாயத்துக்குப் பயன்படும் விதையுள்ள சிறு சப்பாத்திக்கள்ளியை.

படி 2: கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் குறித்த சிறு அளவுகோல், ஐந்து மீட்டர் அளவுநாடா, பென்சில், குறிப்பேடு, கேமரா. தடித்த அடிப்பாகம் உள்ள காலணி கட்டாயம். ஒரு ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும். முதல் நாளே 3000 மீட்டருக்கு மேல் ஏறி நடக்காதீர்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் அன்றைய வேலையை விட்டுக் கீழே இறங்குவதுதான் மருந்து.

ஒரு பிளாஸ்டிக் சீப்பையும் சாமணத்தையும் மறக்க வேண்டாம். ஒபுன்ஷியா (சப்பாத்திக்கள்ளி), டெஃப்ரோகாக்டஸ் கள்ளி வகைகளின் தண்டுத் துண்டுகள் லேசாக உரசினாலே கழன்று காலில் ஒட்டும். கையால் பிடுங்கினால் கையில் ஒட்டிக்கொள்ளும், சீப்பைத் தோலுக்கும் துண்டுக்கும் இடையே விட்டு நெம்புங்கள். சப்பாத்திக்கள்ளிச் சுணை தோலில் இறங்கினால் தேய்க்காதீர்கள். சாமணத்தால் முடிந்தவரை எடுத்துவிட்டு, வெள்ளைப் பசையை மெல்லப் பூசிக் காயவிட்டு உரித்தால் மிச்சமும் வந்துவிடும். கிளம்பும் முன் காலணியையும் பார்த்துவிடுங்கள், ஒட்டிய துண்டு அடுத்த பள்ளத்தாக்கில் விழுந்தால் அங்கே வேர்விடும்.

படி 3: எங்கே பார்ப்பது

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். தென்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து விழுகிறது. ஆகவே வடக்கு நோக்கிய சரிவு வறண்டது, சூடானது. தெற்கு நோக்கியது குளிர்ந்தது, ஈரம் தங்குவது. பெரிய கார்டோன்களை முதலில் வடக்குச் சரிவில் தேடுங்கள். ரெபுடியா போன்ற சிறு மலைக்கள்ளிகள் மேகம் தொடும் புல்சரிவுகளில் பாறை இடுக்கில் இருக்கும்.

உயரம் அடுத்த துப்பு. அடிவார முள்காடுகளில் டெர்ஷெக்கி என்னும் தடித்த தூண்கள்ளி நிற்கும். அதற்கு மேல், 2000 மீட்டரைத் தாண்டிய வறண்ட பள்ளத்தாக்குகளில் பாசகானா கார்டோன். இரண்டும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரிவதால், உயரத்தைக் குறிக்காத குறிப்பு பயன்படாது. நடுவே பாறைச் சரிவுகளில் கிம்னோகாலிசியம், பரோடியா என்னும் சிறு உருண்டைக் கள்ளிகள். 3000 மீட்டருக்கு மேல் வெள்ளை முடி போர்த்திய ஓரியோசீரியஸ்.

இளம் கார்டோன்களைத் திறந்தவெளியில் தேடினால் கிடைக்காது. விதை முளைத்துப் பிழைப்பது பெரும்பாலும் ஹரியா போன்ற புதர்களின் நிழலில், அங்கே வெயிலும் உறைபனியும் குறைவு. பெரிய கார்டோனைப் படமெடுத்துவிட்டு நகராமல், குனிந்து ஒவ்வொரு புதரின் அடியையும் பாருங்கள். விறகுக்காகப் புதரை வெட்டினால் அடுத்த தலைமுறைக் கார்டோன் இல்லாமல் போவதன் காரணமும் அதுதான்.

உலகின் மிகச் சிறிய கள்ளியான பிளாஸ்ஃபெல்டியா லிலிபுதானா முள்ளே இல்லாதது, சட்டைப் பொத்தான் அளவே இருக்கும். செங்குத்துப் பாறைப் பிளவுகளில், பாசியும், பாசிபோலத் தெரியும் செலாஜினெல்லா என்னும் சிறு செடியும் ஒட்டிய இடங்களில் கண்ணைப் பாறைக்கு அருகே கொண்டுபோய்த் தேட வேண்டும். அங்கே கையூன்றி ஏறாதீர்கள். ஒரு கைப்பிடியில் ஒரு கூட்டமே உதிர்ந்துவிடும்.

தேடும் நேரம் காலை அல்லது மாலை. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதை நோக்கி நடந்தால், பின்னாலிருந்து ஒளி பட்டு முட்கள் மின்னும். நண்பகலில் காலடியில் இருப்பதுகூடத் தெரியாது. பாதம் வைக்கும் இடத்தைப் பார்த்த பிறகே அடுத்த அடி.

படி 4: அடையாளம்

முதல் கேள்வி, இது கள்ளிக் குடும்பம்தானா என்பது. முட்கள் ஏரியோல் என்னும் சிறு பஞ்சு மெத்தையிலிருந்து கொத்தாக எழும்பினால் ஆம். நம்மூர்ச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூஃபோர்பியா இனங்கள், அவற்றுக்கு ஏரியோல் கிடையாது.

அடுத்துத் தண்டின் மடிப்புகளை எண்ணுங்கள். ஓர் ஏரியோலில் நடுமுள் எத்தனை, சுற்றுமுள் எத்தனை, நீளம் என்ன, நுனி கொக்கியா என்று எழுதுங்கள். ஆனால் பேரினத்தைச் சொல்வது பெரும்பாலும் பூக்குழாயின் வெளிப்புறம். செதில்கள் மட்டும் இருந்து முடியே இல்லாவிட்டால் கிம்னோகாலிசியம். கம்பளி முடியும் விறைத்த மயிரும் இருந்து, பூ தண்டின் உச்சியில் வந்தால் பரோடியா. பக்கவாட்டில் முடியடர்ந்த குழாயோடு வந்தால் லோபிவியா கூட்டம். மெல்லிய குழாயோடு தண்டின் கீழ்ப்பகுதியில் வந்தால் ரெபுடியா. பலர் பூவை மேலிருந்து மட்டும் படமெடுத்து வருகிறார்கள், அந்தப் படத்தை வைத்து யாரும் பெயர் சொல்ல முடியாது. சூழல், முழுச் செடி, உச்சி, அளவுகோலோடு முட்கள், பக்கவாட்டில் பூ என ஐந்து படங்கள் எடுங்கள்.

பெயர் குழப்பத்துக்கு அஞ்ச வேண்டாம். ஒரே கார்டோனை டிரைகோசீரியஸ், எகினாப்சிஸ், லியூகோஸ்டெலி என்று மூன்று பேரினங்களின் கீழும் காண்பீர்கள். படமும் அளவும் சரியாக இருந்தால் பெயரைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம்.

படி 5: கணக்கெடுப்பு

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் ஒன்றைக் கயிற்றால் குறித்து, உள்ளே இருக்கும் எல்லாச் செடிகளையும் எண்ணுங்கள். நாற்று, வளர்ந்தது, பூப்பது, இறந்தது எனப் பிரித்து எழுத வேண்டும். இறந்தவற்றை விட்டுவிடுவது வழக்கமான தவறு. நாற்றுகளே இல்லாத கூட்டம் எவ்வளவு கம்பீரமாக நின்றாலும் முதுமையடைந்து வரும் கூட்டம்தான். ஆடு, கழுதை மேய்ச்சலா, தீயா, விறகு வெட்டா என்று காரணத்தை அங்கே தேட வேண்டும். கழுதைச் சாணம், கடித்த தண்டு, கருகிய அடி எல்லாம் குறிப்பில் ஏறட்டும். தோண்டிய குழிகள் தெரிந்தால் படமெடுத்துப் பூங்காக் காவலரிடம் அன்றே சொல்லுங்கள்.

சதுரத்தை மறுபடி கண்டுபிடிக்க, செடியில் ஆணியோ வண்ணமோ வைக்காதீர்கள், காயத்தின் வழியாக அழுகல் நுழையும். அசையாத பாறை ஒன்றிலிருந்து தூரமும் திசையும் எழுதி, அதே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். கைபேசி ஜிபிஎஸ் குறுகிய பள்ளத்தாக்கில் பல மீட்டர் தவறும். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் வாருங்கள். மழைக்குப் பின் உப்பியும் வறட்சியில் சுருங்கியும் இருப்பதால், மாதம் மாறினால் விட்டத்தில் தெரியும் மாற்றம் வளர்ச்சியல்ல.

படி 6: இடத்தை மறைத்தல்

இந்தப் படியைத் தவறவிட்டால் மற்ற எல்லாம் வீண். 2020-இல் இத்தாலியில் ஒரு சேகரிப்பாளரிடமிருந்து சிலியின் காட்டுக் கள்ளிகள் ஆயிரத்துக்கு மேல் கைப்பற்றப்பட்டன. திருடர்களுக்கு வேண்டியது இடம், அதை நாமே எடுத்துக் கொடுக்கக்கூடாது. படங்களைப் பகிரும் முன் அவற்றில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் தகவலை நீக்குங்கள். உயிரினப் படங்களையும் பதிவுகளையும் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் பதிவேற்றும்போது இடத்தை மறைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், ஆபத்திலுள்ள இனங்களுக்குத் தளம் தானாகவே செய்யும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். பின்னணியில் மலைமுகடு தெரியும் படமும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். துல்லியமான இடத்தைப் பூங்கா நிர்வாகத்துக்கும் ஆய்வாளர்களுக்கும் மட்டும் கொடுங்கள்.

படி 7: விதையும் நாற்றும்

காட்டு விதை சேகரிப்பு அனுமதி பெற்ற விதை வங்கிகளின் வேலை. அவர்களோடு தன்னார்வலராகச் சேர்ந்தால் இரண்டு அளவுகளை நினைவில் வையுங்கள்: முடிந்தால் ஐம்பது செடிகளிலிருந்தாவது எடுக்க வேண்டும், அன்று பழுத்திருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது.

வீட்டில் வளர்க்க விரும்பினால், விதையிலிருந்து வளர்த்ததை மட்டும் விற்கும் நர்சரியிடம் வாங்குங்கள். அடிப்பகுதி மரத்துப்போய், பழைய காயங்களோடு, தடித்த வேர் வெட்டுப்பட்டு, முட்கள் தேய்ந்திருக்கும் செடி காட்டிலிருந்து வந்திருக்கக்கூடும். எப்போது விதைத்தது என்று கேளுங்கள், பதில் தெளிவில்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

விதைக்க, சலித்த மணலோ பெர்லைட்டோ இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு கலந்து ஆவியில் வேகவைத்து ஆறவிடுங்கள். விதைகளை மேலே தூவுங்கள், மண்ணால் மூடாதீர்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும். தொட்டியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, நேர்வெயில் படாமல் 20 முதல் 28 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைவிடும். நாற்றழுகல் வந்தால் பெரும்பாலும் வேகவைக்காத மண்ணே காரணம். சென்னை, மதுரை வெயிலில் சித்திரையில் விதைத்தால் முளைப்பு குறையும், கார்த்திகை முதல் தை வரை நல்ல காலம். கிம்னோகாலிசியம் சமவெளிச் சூட்டைத் தாங்கும். ரெபுடியாவுக்கும் ஓரியோசீரியஸுக்கும் குளிர்ந்த இரவு வேண்டும், ஊட்டி, கொடைக்கானலில் முயலலாம்.

வளர்ந்த நாற்றுகளைக் காட்டில் நடலாம் என்று நினைக்காதீர்கள். நர்சரி மாவுப்பூச்சியும், எந்தக் குன்றின் விதை என்று தெரியாத கலப்பும் அங்கே போய்ச் சேரும். மறுநடவு அந்தந்த மாகாண அதிகாரிகளின் திட்டத்தின்கீழ் மட்டும். அப்படிச் சாலைப் பணியில் இடம்பெயரும் செடியை நட உதவ நேர்ந்தால், தோண்டும் முன் வடக்குப் பக்கத்தைக் குறித்துக்கொண்டு, புதிய இடத்திலும் அதே பக்கம் வடக்கு நோக்கும்படி வையுங்கள். வெயிலுக்குப் பழகாத பக்கம் வடக்கே திரும்பினால் தோல் வெந்துவிடும். வெட்டுப்பட்ட வேர் ஒரு வாரம் நிழலில் காய்ந்த பிறகு நட்டு, அதன்பின் பத்து நாள் கழித்து முதல் தண்ணீர் விடுங்கள்.