சார்புப் பொதிகளும் பொதியாக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும், பம்பைமடுவில் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகமும் இயங்குவதால், வன்னியிலிருந்தே திறமூல மென்பொருள் எழுதும் மாணவர்கள் இன்று இருக்கிறார்கள். நிரலில் காட்டும் கவனத்தை அவர்கள் பொதியாக்கத்திலும், அதாவது மென்பொருளைப் பிறர் நிறுவக்கூடிய பொதியாகக் கட்டுவதிலும், காட்ட வேண்டும். பிறரால் நிறுவ முடியாத மென்பொருள், மூலநிரல் திறந்திருந்தாலும், நடைமுறையில் மூடியதே.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மென்பொருளுக்குத் தேவையான பிற பொதிகளை, அதாவது சார்புப் பொதிகளை, அறிவிக்காமல் விடுவது. இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பதியும் பைத்தன் செயலி ஒன்றை ஒருவர் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் இணைய அவர் சைக்கோபிஜி2 பொதியைப் பயன்படுத்துகிறார். முல்லைத்தீவிலுள்ள நண்பர் அதை மூலத்திலிருந்து நிறுவ முயலும்போது, பிஜி_கான்ஃபிக் என்ற கருவி கிடைக்கவில்லை என்ற பிழை வருகிறது. அதைத் தரும் லிப்பிக்யூ-டெவ் பொதி, எழுதியவரின் கணினியில் வேறொரு வேலைக்காக முன்பே நிறுவப்பட்டிருந்ததால், அது தேவை என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதைச் சரிசெய்தால், அடுத்து பைத்தன்.எச் கோப்பு இல்லை என்று வரும். அதற்கு பைத்தன்3-டெவ் வேண்டும்.

இந்த இரண்டும் பில்ட் செய்யும்போது, அதாவது மூலநிரலை இயங்கும் வடிவமாக மாற்றும்போது, மட்டும் தேவையானவை. ஓடும்போது லிப்பிக்யூ5 நூலகம் போதும். டெபியனில் முதல் வகையை 'பில்ட்-டிபென்ட்ஸ்' வரியிலும் இரண்டாவதை 'டிபென்ட்ஸ்' வரியிலும் எழுதுகிறோம். பகிரப்பட்ட நூலகங்களின் பெயர்களை டிபிகேஜி-எஸ்எச்லிப்டெப்ஸ் கருவியே கண்டுபிடித்து நிரப்பும் என்பதால், அவற்றைக் கையால் எழுதி வைப்பதும் தவறே. பட்டியல் முழுமையானதா என்பதை எஸ்பில்ட் அல்லது பிபில்டர் கொண்டு சோதிக்கலாம். அடிப்படைக் கருவிகளும் நீங்கள் அறிவித்தவையும் மட்டுமே உள்ள வெற்றுச் சூழலில் அவை பில்ட் செய்வதால், விடுபட்டது எதுவானாலும் அங்கேயே தெரிந்துவிடும். இந்தச் சோதனை இல்லாமல் எந்த வெளியீடும் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பதிப்பு எண்களில் இரு எதிர்த் தவறுகள் நடக்கின்றன. செயலி எழுதுபவர், சார்புப் பொதிகளின் துல்லியமான பதிப்புகளைக் குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பை, மூலநிரலை வைக்கும் களஞ்சியத்தில் சேர்க்காமல் விடுகிறார். நூலகம் எழுதுபவரோ ஒரே ஒரு பதிப்பை மட்டும் ஏற்கும்படி இறுக்கி, அதே பொதியின் வேறு பதிப்பைக் கோரும் நூலகங்களுடன் மோதலை உண்டாக்குகிறார். செயலிக்குத் துல்லியமான பூட்டும் நூலகத்துக்கு நியாயமான வீச்சும் பொருந்தும். ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை நிறுவும் என்பிஎம் கருவியைப் பயன்படுத்துவோர், தானியங்கிப் பில்டில் 'இன்ஸ்டால்' கட்டளைக்குப் பதிலாக 'சிஐ' கட்டளையை இட வேண்டும். திட்டம் கோரும் பதிப்புகளுடன் பூட்டுக் கோப்பு பொருந்தாவிட்டால் அந்தக் கட்டளை அதை மாற்றாமல் பிழையோடு நின்றுவிடும்.

சிறிய வேலைக்கும் ஒரு பொதியைச் சேர்க்கும் பழக்கம் ஆபத்தானது. 2016 மார்ச்சில், 11 வரிகள் கொண்ட லெஃப்ட்-பேட் என்ற பொதி என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டதால், அதை நேரடியாகச் சேர்க்காமல் வேறு பொதிகள் வழியாகச் சார்ந்திருந்த திட்டங்களின் பில்டுகளும் உடைந்தன.

வெளியீட்டின்போது பதிவிறக்கத் தரும் சுருக்கக் கோப்பும் (டார்பால்) களஞ்சியமும் ஒன்றே என்று நம்புவது இன்னும் பாரதூரமானது. 2024 மார்ச்சில் மென்பொருளாளர் அண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் வெளிப்படுத்திய, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் ஒளித்துவைக்கப்பட்ட பின்கதவில் (இரகசியமாக உள்ளே நுழையும் வழி), தீங்கு நிரலை இயக்கிவிடும் பில்ட் வரிகள் 5.6.0, 5.6.1 பதிப்புகளின் சுருக்கக் கோப்புகளில் இருந்தன; கிட் களஞ்சியத்தில் அவை இல்லை. களஞ்சியத்தை மட்டும் வாசித்தவர் கண்ணில் அவை பட வாய்ப்பே இருக்கவில்லை.

இயங்குதளத்தின் பைத்தனுக்குள் நிர்வாக உரிமையோடு, பைத்தன் பொதிகளை நிறுவும் பிப் கருவி கொண்டு நிறுவுவதை டெபியன் 12 தானாகவே தடுக்கிறது. தடையை மீறும் கட்டளையை எங்கோ பார்த்து ஒட்டாமல், திட்டத்துக்கென்று தனியான மெய்நிகர்ச் சூழல் ஒன்றை உருவாக்குங்கள்.

கைபேசி டேட்டாவையே நம்பியிருப்பவர்களுக்காக, தேவையான பொதிகளை 'பிப் டவுன்லோட்' மூலம் இறக்கிப் பென்டிரைவில் கொடுப்பது நல்ல வழி. ஆனால் சி மொழிப் பகுதிகள் தொகுக்கப்பட்ட 'வீல்' என்ற ஆயத்தப் பொதிக் கோப்புகள் பெரும்பாலும் ஒரு பைத்தன் பதிப்புக்கும் ஒரு வகைக் கணினி மையச் செயலகத்துக்கும் (சிபியு) மட்டுமே உரியவை, 3.11 க்கு இறக்கியது 3.12 இல் ஏறாது. பெறுபவரின் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கேட்ட பின்பே இறக்குங்கள்.