குக்கீ கிளிக்கர்: பின்னணி டேபில் குக்கீ சேராமல் நின்றால்

குக்கீ சுட்டுச் சேர்க்கும் பிரவுசர் கேமான குக்கீ கிளிக்கரைத் திறந்து வைத்து, வேறு டேபில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால் குக்கீ எண்ணிக்கை ஏறாமல் அப்படியே நிற்கிறதா? கோளாறு கேமில் இல்லை. சும்மா கிடக்கும் டேபை பிரவுசரின் மெமரி சேவர் தூங்க வைத்துவிடுகிறது. திரும்ப வரும்போது பக்கம் புதிதாக லோடாகும். பிரவுசர் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், எப்போதும் இயங்க வேண்டிய தளங்களின் பட்டியலில் கேமின் முகவரியைச் சேர்த்ததும் எனக்குச் சரியானது.

கேமை மூடிய பிறகும் அதில் குக்கீ சுடும் பாட்டிகள் சுட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். ட்வின் கேட்ஸ் ஆஃப் டிரான்ஸென்டன்ஸ் என்ற அப்கிரேடை கேமில் வாங்கினால்தான் அது நடக்கும். அதுவும் முதல் 1 மணி நேரத்துக்கு வழக்கமான வேகத்தில் வெறும் 5%.

எதிலும் கை வைக்கும் முன் கேமின் ஆப்ஷன்ஸில் எக்ஸ்போர்ட் சேவ் அழுத்தி, வரும் நீளமான குறியீட்டை முழுசாக காப்பி செய்து வையுங்கள். சேவ் பிரவுசருக்குள்ளேயே இருப்பதால், சைட் டேட்டாவை அழித்தால் கேமில் நீங்கள் வளர்த்த பேக்கரியே போய்விடும்.