காது மிஷினில் இரைச்சலா? மைக்கைப் பேசுபவரிடம் கொடுங்கள்

செங்கோட்டையில் பெரியப்பா வீடு கொல்லம் சாலையை ஒட்டியே இருக்கிறது. புளியரைப் பக்கம் போகும் லாரிச் சத்தம் ஓயாது. காது மிஷின் அதையும் சேர்த்துப் பெருக்கிவிடும். பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டது மட்டும் கேட்காது.

மிஷினைக் குறை சொல்ல முடியாது. பேசுபவரின் தூரம் இரண்டு மடங்கானால், திறந்த வெளியில் குரல் சுமார் 6 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) இறங்கிவிடும். அதனால் மிஷினோடு கம்பியில்லாமல் இணையும் சின்ன மைக் ஒன்றை வாங்கி, பெரியம்மாவின் புடவையில், வாயிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டினோம். குரல் நேரே பெரியப்பா காதுக்குப் போகிறது. தாலிச் சங்கிலி உரசினால் கரகரக்கும், கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள்.

நாலு பேர் பேசும் வீடா? சில வகை மைக்குகளை ஒன்றோடொன்று இணைக்கலாம். பேசுபவருடைய மைக் மட்டும் திறக்கும், மற்றவை அடங்கிவிடும். விலை அதிகம்தான். உங்கள் மிஷின் ஐபோனோடு இணையும் என்றால் முதலில் அந்தப் போனிலேயே இருக்கும் லைவ் லிசன் வசதியைப் போட்டுப் பாருங்கள். போனே மைக் ஆகிவிடும். எதை வாங்கினாலும் உங்கள் மாடலோடு சேருமா என்று ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) கேட்டுவிடுங்கள். அப்புறம், ரோட்டைக் கடக்கும்போது மிஷினின் சொந்த மைக் அணைந்திருக்கவே கூடாது. லாரி வருவது கேட்க வேண்டும்.