ரோடு பைக்கில் பாகம் மாற்றுமுன் அளக்க வேண்டியவை: ராமநாதபுரம் கரைக்காரர்களுக்கு

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ரோடு பைக் ஓட்டுகிறவர்களுக்கு உதிரிபாகம் பெரும்பாலும் கூரியரில்தான் வந்து சேர்கிறது. பொருந்தாத பாகம் வந்தால் அதைத் திருப்பி அனுப்பி மாற்று வாங்குவதற்குள் வண்டி நாள்கணக்கில் முடங்கிவிடும். ஆர்டர் போடுமுன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு வெர்னியர் காலிபர், 12 அங்குல இரும்பு ஸ்கேல், பழைய டூத் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய் போதும். உப்பும் எண்ணெயும் மண்ணும் இறுகிய கறுப்பு அழுக்கைத் தேய்த்தெடுத்தால் மாடல் எண் தெரியும். பின் டெரெய்லரில் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) உட்பக்கம் பாருங்கள். கேசட்டில் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) பூட்டு வளையத்திலோ பெரிய பல்சக்கரத்திலோ இருக்கும். கியர் லீவரில் ரப்பர் உறையை மடக்கித் தேடுங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் "10 ஸ்பீடு ஷிமானோ" என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான்; ஸ்பீடு என்பது பின்பக்கப் பல்சக்கரங்களின் எண்ணிக்கை மட்டுமே. ஷிமானோ கம்பெனியிலேயே டியாக்ரா 4600, டியாக்ரா 4700 இரண்டும் 10 ஸ்பீடு. ஆனால் ஒன்றின் லீவருக்கு மற்றதன் டெரெய்லர் ஒத்துவராது. லீவரை ஒரு தடவை தட்டினால் வயர் இத்தனை மி.மீ. நகரும், அதற்கு டெரெய்லர் இத்தனை மடங்கு நகரும் என்று ஒரு கணக்கு உண்டு. பழைய ஷிமானோ ரோடு வரிசையில் (8, 9 ஸ்பீடும், 4600 வரையிலான 10 ஸ்பீடும்) அது சுமார் 1.7. 4700-லும் 105 ஆர்7000 போன்ற 11 ஸ்பீடிலும் சுமார் 1.4. இன்னொரு கம்பெனியான ஸ்ராமின் கணக்கு தனி. அதன் லீவரை ஷிமானோ டெரெய்லரோடு கோக்க நினைக்காதீர்கள். கலந்து போட்டால் என்ன ஆகும்? நடுப் பல்லில் கியர் சுத்தமாக நிற்கும், இரு ஓரங்களுக்குப் போகப் போக செயின் உரசும், தானாகத் தாவும். அட்ஜஸ்டரை எத்தனை முறை திருகினாலும் ஒரு பல் சரியாகும், இன்னொன்று கெடும். மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. ட்யூனிங்கால் தீரும் கோளாறல்ல அது.

டெரெய்லருக்கு இன்னும் இரண்டு எல்லைகள் உண்டு: தாங்கும் மிகப் பெரிய பின் பல்சக்கரம், தொங்காமல் சுருட்டக்கூடிய மொத்தச் செயின் (இரண்டுமே பல் எண்ணிக்கையில்). இரண்டாவதற்குக் கணக்கு எளிது. முன்பக்கப் பெரியது கழித்தல் சிறியது, அதோடு பின்பக்கப் பெரியது கழித்தல் சிறியது. 50/34 பல் கிராங்கும் (மிதியோடு சுழலும் முன்பக்கப் பல்சக்கரங்கள்) 11-34 பல் கேசட்டும் என்றால் 16 + 23 = 39. ஆர்7000 டெரெய்லரில் குட்டைக் கூண்டு (செயின் சுற்றிவரும் கீழ்ப்பகுதி) மாடல் 30 பல், மொத்தம் 35 வரைதான். நெட்டைக் கூண்டு மாடல் 34 பல், 39 வரை. மீறிப் போட்டால் சிறிய-சிறிய கியரில் (முன்னும் பின்னும் சிறிய பல்) செயின் தொங்கும். தொங்காமலிருக்கச் செயினைக் குறைத்தால் பெரிய-பெரிய கியரில் டெரெய்லரே பிய்ந்து ஸ்போக்குக்குள் போகும்.

உண்மையில் இந்தக் கரையில் 34 பல் தேவைதானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பாம்பன் ரோடு பாலத்தை விட்டால் ஏற்றம் என்று சொல்ல எதுவுமில்லை, எதிரி காற்றுதான். 11 ஸ்பீடு 11-28 கேசட்டில் 11, 12, 13, 14, 15, 17 என்று பற்கள் நெருக்கமாகப் போகும். 11-34-இல் 11, 13, 15, 17. தனுஷ்கோடி சாலையில் எதிர்க்காற்றில் மிதிக்கும்போது அந்த 14 இல்லாதது காலுக்குத் தெரியும். கொடைக்கானல் போகிறவர்கள் 34 வாங்கட்டும்.

கேசட் வாங்குமுன் ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடம்) பாருங்கள். விலை குறைந்த 7 ஸ்பீடு வண்டிகளில் மரையில் திருகும் ஃப்ரீவீல்தான் பெரும்பாலும் இருக்கும். பல்லைப் பின்னோக்கிச் சுழற்றும்போது நடுவிலுள்ள டூல் பள்ளமும் சேர்ந்து சுழன்றால் கேசட். அது அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். ஷிமானோவின் 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் கேசட் ஏறும் பகுதி, பழைய 8/9/10 ஸ்பீடு ஹப்பைவிட 1.85 மி.மீ. நீளம். பழைய கேசட்டை நீள ஹப்பில் போட 1.85 மி.மீ. ஸ்பேசர் வேண்டும், பல 10 ஸ்பீடு கேசட்டுக்குக் கூடவே 1 மி.மீ. ஸ்பேசரும் வேண்டும். மறந்தால் பூட்டு வளையம் கடைசி வரை இறுகியும் பல்சக்கரங்கள் ஆடும். 11 ஸ்பீடு கேசட்டைப் பழைய குட்டை ஹப்பில் போட முடியாது. எச்ஜி700 வரிசையின் 11-34 விதிவிலக்கு, அது ஏறும். பூட்டு வளையத்தின் இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர்.

செயின் இணைப்புகளின் இடைவெளி எல்லா ஸ்பீடுக்கும் அரை அங்குலம்தான், அகலம்தான் மாறும். 8 ஸ்பீடு சுமார் 7.1 மி.மீ., 10 ஸ்பீடு சுமார் 5.9, 11 ஸ்பீடு சுமார் 5.5. செயினின் இரு முனைகளை இணைக்கும் குயிக் லிங்க்கும் அதே ஸ்பீடுக்கானதாக இருக்கட்டும். தேய்மானம் பார்க்க ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் மையத்தில் வையுங்கள். 12 அங்குலக் கோட்டில் நிற்க வேண்டிய பின் 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் புதுச் செயின். 1/8 அங்குலம் என்றால் கேசட்டும் போய்விட்டது; அதில் புதுச் செயின் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். கடல் மண்ணில் இந்த நிலை சீக்கிரமே வரும். நீளத்துக்கு: டெரெய்லரைத் தொடாமல் பெரிய-பெரிய பல்லில் சுற்றி, சேரும் இடத்துக்கு மேல் ஒரு அங்குலம் கூட்டி வெட்டுங்கள்.

பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் பேரிங்) உட்காரும் ஃப்ரேம் குழாயில், அதாவது ஷெல்லில், மரை இருந்தால் அதன் அகலத்தை அளங்கள். 68 மி.மீ. என்றால் பெரும்பாலும் பி.எஸ்.ஏ. வகை மரை; செயின் பக்கக் கப் இடது மரை, கழற்றக் கடிகாரத் திசையில் திருப்ப வேண்டும். 70 மி.மீ. என்றால் இத்தாலிய மரையாக இருக்கலாம், அதில் இரு பக்கமும் வலது மரை. இது தெரியாமல் நீளக் கம்பி மாட்டித் தம் கட்டினால் ஃப்ரேம் மரையே போகும். மரை இல்லாத ஷெல்லில் உள்விட்டம் பாருங்கள்: 41 மி.மீ. பிபி86, 42 பிபி30, 46 பிஎஃப்30. கிராங்க் ஆக்சில் ஷிமானோவில் 24 மி.மீ., ஸ்ராமின் டப் (DUB) வகையில் 28.99.

சக்கரத்தில் பின் ஃபோர்க்கின் உள் இடைவெளி முக்கியம். ரிம் பிரேக் வண்டியில் 130 மி.மீ., டிஸ்க்கில் 135 குயிக் ரிலீஸ் அல்லது 142 மி.மீ. அகலத்தில் 12 மி.மீ. தடிமனுள்ள த்ரூ ஆக்சில் (ஹப்பை ஊடுருவி ஃப்ரேமில் திருகும் அச்சு). த்ரூ ஆக்சில் தனியாக வாங்கினால் நீளத்தோடு மரை இடைவெளியும் (1.0, 1.5, 1.75) சேர வேண்டும். டயர் 622 என்றிருந்தால் 700சி. அகல டயர் போடுமுன் ஃபோர்க், பிரேக் காலிபர் இரண்டிலும் பக்கத்துக்கு 4 மி.மீ. இடம் விடுங்கள், ஈர மணல் ஒட்டினால் அந்த இடம் வேண்டும். டிஸ்க் பிரேக்கில் ஷிமானோ மினரல் ஆயில், ஸ்ராமில் பெரும்பாலும் டாட் திரவம். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல் உப்பி பிரேக் போய்விடும்.

இங்கே உலோகப் பொருத்தமும் ஒரு கணக்கு. அலுமினியமும் கார்பனும், அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து இறுகும். கார்பன் ஃப்ரேமில் அலுமினிய சீட் போஸ்ட் போடுவதானால் கார்பன் பேஸ்ட் தடவி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே இழுத்துத் துடையுங்கள். சக்கரம் கட்டச் சொல்லும்போது ஸ்போக் முனைக்குப் பித்தளை நிப்பிள் கேளுங்கள்; அலுமினியம் எடை குறைவு, ஆனால் இந்தக் காற்றில் பிளந்துபோகும். கியர் வயர் 1.2 மி.மீ., பிரேக் வயர் 1.6, இரண்டும் ஸ்டெயின்லெஸ். ரோடு லீவருக்கு பிரேக் வயரின் முனை பேரிக்காய் வடிவத்தில் இருக்க வேண்டும். மலை பைக் (எம்டிபி) பிரேக் வயரின் உருளை முனை உள்ளே உட்காராது.

எல்லாம் மாட்டியபின் சாலையில் இறங்குமுன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, கையால் மிதித்து, பெரிய-பெரிய கியருக்கு மெதுவாக ஏற்றுங்கள். டெரெய்லர் கூண்டு முன்னோக்கி விறைத்து நின்றால் செயின் குட்டை; அங்கேயே நிறுத்திவிடுங்கள்.