ஏப்ரல் பூங்காவில் கோட்டை விடுவது எங்கே?

வெயில் ஏறிவிட்டது, இனி வலசைப் பறவை ஏது என்று மார்ச் கடைசியிலேயே பைனாகுலரை உறைக்குள் போட்டுவிடுவதுதான் பெரிய தவறு. இலங்கையிலும் தென் மாவட்டங்களிலும் குளிர்காலத்தைக் கழித்த ஆறுமணிக்குருவியும் ஈப்பிடிப்பான்களும் வடக்கே திரும்பும் வழியில் சென்னைப் பூங்காக்களில் இறங்கி இரை தேடுவது ஏப்ரலில்தான். நேற்று வெறுமையாகக் கிடந்த புதரில் இன்று ஆள் இருக்கலாம்.

ஏழரைக்குக் கிளம்புவது அடுத்தது. ஏப்ரலில் ஆறு மணிக்கெல்லாம் விடிந்துவிடும், எட்டரைக்கு மேல் பெரும்பாலானவை நிழலில் அடங்கிவிடும்.

அப்படியே போனாலும் எல்லோரும் மரத்தையே அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆறுமணிக்குருவி தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் புழு பூச்சி பொறுக்கும் பறவை. பச்சை முதுகும் வாலடிச் சிவப்பும் படத்தில்தான் பளிச்சென்று தெரியும். நிழலில் சருகோடு சருகாகிவிடும். நிறத்தைத் தேடாமல், அசையும் சருகைத் தேடுங்கள். கூட்டித் துடைத்த நடைபாதையில் அது வராது. மூங்கில் அடி, வேலியோரம், சருகு கொட்டும் குழி ஆகியவற்றின் பக்கம் பத்து நிமிடம் ஆடாமல் நில்லுங்கள். அதே இடத்தில் கொடிக்கால் வாலாட்டியும் கிடைக்கலாம். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது பக்கவாட்டில் ஆட்டும்.

ஈப்பிடிப்பானைப் பார்த்ததும் 'பழுப்பு ஈப்பிடிப்பான்' என்று எழுதிவிடாதீர்கள், காலைப் பாருங்கள். கருங்கால் என்றால் சரி. வெளிறிய காலாக இருந்தால் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி காட்டுவதை, பார்த்த பறவைகளைப் பதிவிடும் இ-பேர்ட் தளத்தின் பட்டியலில் அப்படியே ஏற்றுவது இப்போது பரவலான வழக்கம். குளிர்காலம் முழுக்கப் புதருக்குள் 'ட்செக்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பிளித் நாணல் கதிர்க்குருவி, ஊருக்குக் கிளம்பும் முன் பாட ஆரம்பிக்கும். பிற பறவைகளின் குரலையும் இடையிடையே செருகும். ஒரே புதரிலிருந்து செயலி நாலு பெயர் சொன்னால் சந்தேகப்படுங்கள். கண்ணால் பார்க்காமல் ஏற்றாதீர்கள். செயலியிலிருந்து குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பதும் வேண்டாம். இரை தேட வேண்டிய நேரத்தை அது வீணாக்கும்.

புதிதாக வருவோர் வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்புப் பறவையைப் பார்த்து வல்லூறு என்பார்கள். பெரும்பாலும் அது பெண் குயில்.

பட்டியலில் காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு 'முழுப் பட்டியல்' என்று குறிப்பது தவறு. மே மாதம் ஆறுமணிக்குருவி இல்லாத முழுப் பட்டியல்களும் தேவை. அது எப்போது போனது என்று அவற்றை வைத்துத்தான் கணிக்க முடியும்.

இரவில் பறந்து வந்து கண்ணாடியில் மோதி விழுந்த பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிச் செத்துவிடும். காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். தெளிந்தால் புதர் ஓரம் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், வீட்டில் வைத்து வளர்க்கச் சட்டம் இடம் தராது.